திரும்பி வந்த கட்டுரை

"வேண்டாம்" என்று சொல்லி விட்டார்கள்.

அமெரிக்காவின் தெற்குப் பக்கம் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம். அங்கே அகஸ்டா என்று ஓர் ஊர். அந்த ஊர் மருத்துவக் கல்லூரியில் மருந்துகளைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், ரேமண்ட் ஆல்குவிஸ்ட். அவர் பாடுபட்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். மருந்து ஆராய்ச்சிக்கு என்றே நடந்த பெரிய பத்திரிகைக்கு அனுப்பினார். கட்டுரை திரும்பி வந்து விட்டது.

மருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு என்று ஒரு பரிசுப் போட்டி இருந்தது. அதற்கும் அந்தக் கட்டுரை போயிற்று. அங்கும் தோல்வி.

கடைசியில் நண்பர் ஒருவர் கை கொடுத்தார். ஹாமில்டன் என்று பெயர். உடலின் இயக்கத்தை ஆராய்வதில் புகழ் பெற்றவர். அவருடைய நட்பினால், வேறு ஒரு பத்திரிகையில் 1948-ம் ஆண்டு அந்தக் கட்டுரை அச்சாயிற்று. மொத்தம் 15 பக்கம்.

இன்று ஒரு பாட்டி ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்குகிறார். மூச்சு இழுப்பு உள்ள ஒரு பையன், சிறிய குழாயை வாயில் வைத்து மருந்துப் புகையை உறிஞ்சுகிறான். மாடிப்படி ஏறினால் மார்வலி வரும் ஒருவர், மாத்திரை போட்டுக்கொண்டு நிம்மதியாக ஏறுகிறார். இந்த மருந்துகளில் பலவற்றுக்கு வேர், அந்த 15 பக்கங்களில் இருக்கிறது.

அப்படிப்பட்ட கட்டுரையை ஏன் திருப்பி அனுப்பினார்கள்? யாரும் கவனிக்காத கட்டுரை பிறகு எப்படிப் பிழைத்தது?

முதல் கேள்வியைப் பலரும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியை அதிகம் பேர் கேட்பது இல்லை. ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கட்டுரையைப் பிழைக்க வைத்தது ஒரு பாடப் புத்தகம்!

கேட்காமல் நடக்கும் வேலை

மனிதன் நினைத்தால் கையைத் தூக்கலாம். காலை நீட்டலாம். ஆனால் "இருதயமே, சற்று மெதுவாக அடி" என்று சொன்னால் அது கேட்குமா? கேட்காது.

தூங்கும்போதும் சாப்பிட்ட சோறு செரிக்கிறது. வெயிலில் நடந்தால் வேர்க்கிறது. இருட்டுக்குள் நுழைந்தால் கண்ணின் பாப்பா விரிகிறது. இதை எல்லாம் யாரும் சொல்லிச் செய்வது இல்லை. இதற்கு என்று உடம்பில் தனியாக நரம்புகள் இருக்கின்றன. அவை தாமாகவே வேலை செய்கின்றன. "தானியங்கி நரம்புகள்" என்று அவற்றைச் சொல்லலாம். ஆங்கிலத்தில் அவற்றுக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து விஞ்ஞானி லாங்லி. ஆண்டு 1898.

இந்த நரம்புகளில் இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. ஒன்று ஓய்வு நேரத்துக்கு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும். இருதயத்தை நிதானமாக நடத்தும். மற்றது அவசர வேளைக்கு.

சந்தைக்குப் போய் விட்டு ஒருவன் வருகிறான். எதிரே ஒரு மாடு மிரண்டு ஓடி வருகிறது. அந்த நொடியில் அவன் உடம்பில் என்ன நடக்கிறது? நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சுக் குழாய் அகலமாகிறது. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் முகம் வெளுக்கிறது. கால் தசைகளில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஓடுவதற்கு அங்கே ரத்தம் வேண்டும் அல்லவா? குடல் தன் வேலையை நிறுத்தி வைக்கிறது. "இப்போது செரிப்பதா முக்கியம்?" என்று அது சும்மா இருந்து விடுகிறது.

இவ்வளவும் அவசர நரம்புகளின் வேலை. இவற்றுக்குத் துணையாக ஒரு சாறு இருக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி கவிழ்த்தது போல ஒரு சிறு சுரப்பி உண்டு. அது சுரக்கும் சாறுதான் அட்ரினலின். இந்தச் சுரப்பியின் சாறு ரத்தத்தின் அழுத்தத்தை ஏற்றி விடும் என்று 1894-ல் லண்டனில் ஆலிவர், ஷேஃபர் என்ற இருவர் கண்டார்கள்.

ஒரு சாறு, இரண்டு வேலை

இங்கேதான் குழப்பம் பிறந்தது.

அட்ரினலின் ஒரே சாறு. அது தோலின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. தசையின் ரத்தக் குழாயை விரிக்கிறது. இருதயத்தைத் தட்டி ஓட்டுகிறது. மூச்சுக் குழாயைத் தளர்த்துகிறது. ஒரே சாறு எப்படி நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்யும்?

1906-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி டேல் இன்னொரு விந்தையைக் கண்டார். ரை என்ற தானியக் கதிரில் ஒருவகைக் காளான் பிடிக்கும். அதிலிருந்து எடுத்த மருந்தை ஒரு விலங்குக்கு முதலில் கொடுத்தார். பிறகு அட்ரினலின் கொடுத்தார். வழக்கமாக ஏற வேண்டிய ரத்த அழுத்தம், ஏறவில்லை. இறங்கியது! டேல் சாதாரண ஆள் அல்ல. 1936-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கண்ட இந்த விந்தைக்கு முழு விளக்கம் கிடைக்க 42 ஆண்டுகள் ஆயின.

நடுவில் வால்டர் கேனன் என்ற அமெரிக்கப் பேரறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். ஆபத்து வந்தால் உடம்பு "மோது, அல்லது ஓடு" என்று தயாராகிறது என்பதை உலகத்துக்கு விளக்கியவர் அவர்தான். நரம்பு முனையில் சுரந்து வரும் பொருள், உறுப்புக்குப் போனதும் இரண்டு உருவம் எடுக்கிறது. ஓர் உருவம் முடுக்கி விடுகிறது, மற்ற உருவம் அடக்கி வைக்கிறது என்று கேனனும் அவருடைய துணைவரும் 1933-ல் எழுதினார்கள்.

கேட்டவுடன் சரி என்று தோன்றுகிறது. இரண்டு வேலை; ஆகவே இரண்டு பொருள். சொன்னவரோ மிகப் பெரியவர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஆலைச் சங்கு

ஆல்குவிஸ்ட் இந்த விவகாரத்தில் தலையிட வேண்டும் என்று வந்தவர் அல்ல. மோன்டானா மாநிலத்தில் மிசூலா என்ற ஊரில் 1914-ல் பிறந்தவர். 1944-ல் ஜார்ஜியாக் கல்லூரிக்கு வந்தார். அவர் தேடியது வேறு. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு வரும் வயிற்று வலிக்கு, கர்ப்பப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து வேண்டும். அதற்காக அட்ரினலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்.

அட்ரினலின் ஒன்று. அதன் தம்பி நார் அட்ரினலின் ஒன்று. ஐசோப்ரினலின் என்று ஒன்று. இன்னும் சில. இவற்றைக் கர்ப்பப்பையில் மட்டும் அல்ல. ரத்தக் குழாய், இருதயம், குடல், கண் என்று விலங்குகளின் பல உறுப்புகளில் சோதித்தார். எந்த மருந்துக்கு வேகம் அதிகம், எதற்குக் குறைவு என்று அளந்து வரிசைப்படுத்தினார்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பையன்கள் கணக்குப் பரீட்சை எழுதுகிறார்கள். ஓட்டப் பந்தயமும் ஓடுகிறார்கள். கணக்கில் முதலாக வந்தவன் பந்தயத்தில் கடைசி. பந்தயத்தில் முதல்வன் கணக்கில் கடைசி. அப்படித்தான் ஆயிற்று இங்கேயும்.

ரத்தக் குழாயைச் சுருக்குவதில் அட்ரினலின் முதல். ஐசோப்ரினலின் கடைசி. கண்ணின் பாப்பாவை விரிப்பதிலும் அதே வரிசை. ஆனால் ரத்தக் குழாயை விரிப்பதில் வரிசை தலைகீழ்! ஐசோப்ரினலின் முதல். நார் அட்ரினலின் கடைசி. கர்ப்பப்பையைத் தளர்த்துவதிலும் இந்த இரண்டாவது வரிசைதான்.

எத்தனை உறுப்புகளைப் பார்த்தாலும் இந்த இரண்டு வரிசைதான் வந்தது. மூன்றாவது வரிசை வரவில்லை.

இருதயம்? அதை முடுக்கி விடும் வேலை நடக்கிறது. ஆகவே முதல் வரிசையில் சேர வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது இரண்டாவது வரிசையில் வந்து நின்றது. குடலை அடக்கி வைக்கும் வேலையோ முதல் வரிசையில் வந்து நின்றது. "முடுக்குவது ஒரு வகை, அடக்குவது ஒரு வகை" என்ற பழைய கணக்கு அங்கே உடைந்தது.

ஓர் ஆலையை எண்ணிப் பார்க்கலாம். அதிகாலையில் சங்கு ஊதுகிறது. ராத்திரி ஷிப்டுக்காரர்கள் வேலையை விட்டு வெளியே வருகிறார்கள். பகல் ஷிப்டுக்காரர்கள் வேலைக்கு உள்ளே போகிறார்கள். இதைத் தூரத்தில் இருந்து பார்ப்பவன் என்ன நினைப்பான்? "வெளியே வா என்று ஒரு சங்கு, உள்ளே போ என்று ஒரு சங்கு, இரண்டு சங்கு இருக்கிறது போலும்" என்று நினைப்பான். இருப்பது ஒரே சங்கு. கேட்கும் காதுதான் இரண்டு வகை.

ஆல்குவிஸ்ட் சொன்னது இதுதான். சாறு ஒன்றே போதும். அதை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உறுப்புகளில் இரண்டு வகையாக இருக்கின்றன. விஞ்ஞானிகள் அந்த இடத்தை "ஏற்பி" என்கிறார்கள். காது என்றே வைத்துக்கொண்டாலும் தவறு இல்லை.

டேல் கண்ட விந்தைக்கும் விடை கிடைத்தது. காளான் மருந்து ஒரு வகைக் காதில் பஞ்சை அடைத்து விட்டது. ரத்தக் குழாயைச் சுருக்கும் காது அது. மற்றக் காது திறந்தே இருந்தது. ரத்தக் குழாய் விரிந்தது. அழுத்தம் இறங்கியது.

இரண்டு வகைக்கும் பெயர் வேண்டுமே! பெரிய பெயர் எதையும் ஆல்குவிஸ்ட் தேடவில்லை. கிரேக்க எழுத்து வரிசையில் முதல் எழுத்து ஆல்பா. இரண்டாவது பீட்டா. அதையே வைத்தார். "அ, ஆ" என்று வைத்தது போல.

இதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. "முடுக்கும் ஏற்பி", "அடக்கும் ஏற்பி" என்று பெயர் வைத்திருந்தால், இருதயமும் குடலும் இடித்திருக்கும். தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டாத பெயர், நெடுநாள் வாழ்கிறது. இந்தப் பெயர்கள் இன்றும் மாறவில்லை.

அந்தப் பத்து ஆண்டுகள்

ஆக, கட்டுரை சொன்னது கேனன் சொன்னதற்கு நேர் எதிர். இரண்டு பொருள் என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்த நேரத்தில், "இல்லை, இரண்டு ஏற்பி" என்று பெரிய பெயர் இல்லாத ஓர் ஆசிரியர் எழுதுகிறார். சொல்லும் ஏற்பியையோ எவரும் கண்ணால் கண்டது இல்லை.

திருப்பி அனுப்பியவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லி விட முடியாது. கட்டுரையில் பிழையும் இருந்தது. நரம்பு முனையில் சுரப்பது அட்ரினலின்தான் என்று ஆல்குவிஸ்ட் எழுதினார். அது நார் அட்ரினலின் என்று சுவீடன் நாட்டு விஞ்ஞானி வான் ஆய்லர் 1946-லேயே காட்டியிருந்தார். அதற்காகவே அவருக்கு 1970-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஒரு விஷயத்தில் ஆல்குவிஸ்ட் தவறி விட்டார்.

ஆனால் ஒரு பிழை இருக்கிறது என்பதற்காக, அளந்து எழுதிய கணக்கு பொய்யாகி விடுமா? வரிசை வரிசைதானே! அதை வேறு எவரும் சோதித்துப் பார்த்திருக்கலாம். புதிய கருத்து பெரியவர்களின் கருத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது ஒரு முறை. அளவு சரியா என்று பார்ப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் பார்க்கிறவர்கள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கிறார்கள்.

கட்டுரை அச்சான பிறகும் அதைக் கவனித்தவர்கள் சிலரே. பத்திரிகைகள் நூலகத்து அலமாரிக்குப் போயின. தூசி படிந்தது.

"உண்மை என்றைக்கு இருந்தாலும் வெளியே வந்து விடும், அவசரம் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிதானமாகக் கேட்கிறார்கள். மார்வலியோடு படுத்திருந்தவன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். பத்து ஆண்டு என்பது ஒரு நோயாளிக்கு மீதி ஆயுள் முழுவதுமாக இருக்கலாம்.

மாணவர்களுக்கு எழுதிய பாடம்

1954-ல் மருத்துவ மாணவர்களுக்காக ஒரு பெரிய பாடப் புத்தகம் வெளிவந்தது. டிரில் என்பவர் பல ஆசிரியர்களிடம் பாடங்கள் வாங்கித் தொகுத்தார். அவசர நரம்புகளைத் தொடும் மருந்துகளைப் பற்றி அதில் எழுதியவர் ஆல்குவிஸ்ட்.

பத்திரிகையில் எடுபடாத தம் கருத்தை அந்தப் பாடத்தில் வைத்தார். வாதாடுவதற்கு அல்ல. மாணவனுக்குப் புரிய வைப்பதற்கு. ஆல்பா எங்கே இருக்கிறது, பீட்டா எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் எது நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார்.

அந்தப் பாடத்தை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் படித்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பிளாக். டாக்டர் படிப்புப் படித்தவர். கிளாஸ்கோ நகரில் கால்நடை மருத்துவப் பள்ளியில் உடலியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

மார்வலி ஏன் வருகிறது? இருதயத் தசைக்குப் போகும் ரத்தம் போதவில்லை. ஆகவே ரத்தத்தை அதிகமாக அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் முயன்றார்கள். ரத்தக் குழாயை விரிக்கும் மருந்தாகத் தேடினார்கள். பிளாக் மாற்றி யோசித்தார். வரும்படி கூடவில்லை என்றால் என்ன? செலவைக் குறைத்துக்கொண்டால் குடும்பம் ஓடாதா? இருதயம் படபடக்காமல் அமைதியாக வேலை செய்தால், இருக்கும் ரத்தமே அதற்குப் போதும்!

அமைதிப்படுத்துவது எப்படி? அதுதான் அவருக்குத் தெரியவில்லை. ஆல்குவிஸ்டின் பாடத்தில் விடை இருந்தது. இருதயத்தைப் படபடக்க வைப்பது பீட்டா. அந்தக் காதில் பஞ்சை அடைத்தால் போதும்.

பிளாக் 1958-ல் ஐ.சி.ஐ. என்ற இங்கிலாந்துக் கம்பெனியில் மருந்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அதே 1958-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு மருந்துக் கம்பெனியில் மூச்சு இழுப்புக்கு மருந்து தேடினார்கள். ஐசோப்ரினலினில் சிறு மாறுதல் செய்து பார்த்தார்கள். வந்த பொருள் மூச்சுக் குழாயைத் தளர்த்தவில்லை. மாறாக, தளர்த்தும் மருந்தையும் வேலை செய்ய விடாமல் தடுத்தது! அவர்கள் தேடியதற்கு அது உதவாது. பிளாக் தேடியதற்கு அதுவே வழி. பீட்டாவுக்குப் பஞ்சு செய்ய முடியும் என்று அது காட்டி விட்டது.

பிளாக்கும் அவருடன் வேலை செய்த வேதியியல் நிபுணர்களும் அந்த வழியில் போனார்கள். முதலில் ஒரு மருந்து கிடைத்தது. நோயாளிகளுக்குக் குணம் தெரிந்தது. ஆனால் அதைக் கொடுத்த சுண்டெலிகளுக்குக் கட்டிகள் வந்தன. மருந்தைக் கைவிட்டார்கள். மறுபடி முயன்றார்கள். 1964-ல் ப்ரொப்ரனலால் என்ற மருந்தைப் பற்றி அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அது இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

மார்வலிக்கு என்று வந்த மருந்து, ரத்தக் கொதிப்பையும் தணித்தது. தாறுமாறாக அடிக்கும் இருதயத்தை ஒழுங்கு செய்தது. கைநடுக்கத்துக்கும், அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலிக்கும் கூட உதவியது. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு. அவரோடு வேறு இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆல்குவிஸ்டுக்கு? அவர் 1983-ல் காலமாகி விட்டார். இறந்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆனால் அவரை உலகம் அடியோடு மறந்து விட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பரிசான லாஸ்கர் பரிசை, 1976-ல் அவரும் பிளாக்கும் சேர்ந்து பெற்றார்கள். பாடம் எழுதியவரும் படித்தவரும் ஒரே மேடையில்!

எளிய எழுத்து இளப்பமா?

பாடப் புத்தகம் எழுதுவதைப் பல அறிஞர்கள் இளப்பமாக நினைக்கிறார்கள். கண்டுபிடிப்பது பெரிய வேலை. அதைக் கற்றுக்குட்டிக்குப் புரியும்படி எழுதுவது சின்ன வேலை என்று ஓர் எண்ணம். ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கும்போதும், ஆராய்ச்சிப் பத்திரிகையில் எத்தனை கட்டுரை வந்தது என்றுதான் பல இடங்களில் எண்ணுகிறார்கள். மாணவனுக்கு எழுதிய பாடம் அந்தக் கணக்கில் ஏறுவது அபூர்வம்.

இந்தக் கணக்குத் தவறு. ஆல்குவிஸ்டின் கதையே அதற்குச் சாட்சி. 1948-ல் எழுதிய கட்டுரையும் 1954-ல் எழுதிய பாடமும் சொன்னது ஒரே விஷயம். எழுதிய கையும் ஒன்றே. முன்னது அறிஞர்களுக்குப் போயிற்று. அவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு அதை உரசிப் பார்த்தார்கள், ஒதுக்கினார்கள். பின்னது கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குப் போயிற்று. காப்பாற்ற வேண்டிய பழைய கொள்கை எதுவும் அவர்களிடம் இல்லை. தேவை மட்டும் இருந்தது. பசித்தவனுக்குத்தானே சோற்றின் அருமை தெரியும்?

அதோடு, எளிமையாக எழுதுவது எளிமையான காரியமும் அல்ல. தனக்கே தெளிவாகாத ஒன்றை எவராலும் எளிமையாக எழுத முடியாது. பதினைந்து பக்க அட்டவணையை "ஆல்பா, பீட்டா" என்று இரண்டு சொல்லில் அடக்கியவர், அட்டவணை முழுவதையும் மனதில் கரைத்துக் குடித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பாடப் புத்தகத்திலும் தவறு வரலாம் என்பது உண்மை. தவறான பாடம் ஒரு தலைமுறையையே தவறாக நடத்தும். கேனனின் கொள்கையும் பாடமாகத்தானே இருந்தது? அதனால்தான் அந்த வேலைக்குச் சிறந்தவர்கள் வர வேண்டும். நேரம் கிடைத்தவர்கள் எழுதட்டும் என்று விட்டு விடுவது சரி அல்ல.

பாட்டியின் மாத்திரை, பேரனின் குழாய்

பீட்டாவிலும் இரண்டு பிரிவு உண்டு என்று 1967-ல் தெரிந்தது. இருதயத்தில் முக்கியமாக இருப்பது முதல் பிரிவு. மூச்சுக் குழாயில் இருப்பது இரண்டாவது பிரிவு. இது தெரிவதற்கு முன்பு, மூச்சு இழுப்புக்கு ஐசோப்ரினலின் உறிஞ்சினால் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொண்டது. பிறகு இரண்டாவது பிரிவை மட்டும் பெரும்பாலும் தொடும் சால்புடமால் என்ற மருந்து 1969-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. குழாயில் உறிஞ்சும் மருந்தாக இன்றும் உலகமெங்கும் அது வழங்குகிறது.

இங்கே குடும்பத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேரனின் குழாய் மருந்து பீட்டாவைத் தட்டி எழுப்புகிறது. பாட்டியின் மாத்திரை பீட்டாவை அடைக்கும் வகையாக இருந்தால், இரண்டும் எதிர் எதிர். அப்படிப்பட்ட மாத்திரையை இழுப்பு உள்ளவர் தெரியாமல் சாப்பிட்டால் மூச்சு முட்டி ஆபத்து நேரலாம். இழுப்பு உள்ளவர் எந்த வியாதிக்கு டாக்டரிடம் போனாலும், முதலில் அதைச் சொல்லி விட வேண்டும். சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவரும் அப்படியே. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்து விடக் கூடும். இன்னொன்று: பல நாள் சாப்பிட்டு வந்த பீட்டா மாத்திரையை, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அடக்கி வைத்த இருதயம் திடீரென்று துள்ளும்.

பெரியவர்கள் தலையை ஆட்ட மறுத்த கதை பிறகும் நடந்தது. பலவீனமான இருதயத்துக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது என்று டாக்டர்கள் பாடம் சொன்னார்கள். 1975-ல் சுவீடன் நாட்டு டாக்டர்கள் சிலர், மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தோம், நோயாளிகள் தேறினார்கள் என்று எழுதினார்கள். பெரும்பாலோர் நம்பவில்லை. 1999-ல் பெரிய பரிசோதனைகளின் முடிவு வந்தது. அந்த வகை மாத்திரைகளில் சில, பலவீனமான இருதயம் உள்ளவர்களின் ஆயுளை நீட்டுகின்றன என்று உறுதி ஆயிற்று. பாடத்தைத் திருத்தி எழுதினார்கள்.

ஏற்பி என்று ஒரு பொருள் உண்மையில் இருக்கிறதா? ஆல்குவிஸ்டே அதை அடித்துச் சொல்லவில்லை. அது தாம் கண்டதை விளக்க உதவும் ஒரு கருத்து, அவ்வளவுதான் என்று 1973-ல் அடக்கமாக எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள். பீட்டா ஏற்பியின் மரபணுவை 1986-ல் கண்டார்கள். 2007-ல் அதன் உருவத்தையே படமாக வரைந்து காட்டினார்கள். அதற்காக லெப்கோவிட்ஸ், கோபில்கா என்ற இரண்டு அமெரிக்கர்களுக்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆல்குவிஸ்ட் முதலில் தேடியது கர்ப்பப்பையைத் தளர்த்தும் மருந்து அல்லவா? அது என்ன ஆயிற்று? நாள் நிறையும் முன்பே பிரசவ வலி கண்ட தாய்மார்களுக்கு, அந்த வலியைச் சற்றுத் தள்ளிப் போட ரிட்டோட்ரின் என்ற மருந்தை 1980-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. கர்ப்பப்பையில் உள்ள பீட்டாவைத் தொட்டு, அதன் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து அது. ஆல்குவிஸ்ட் அப்போது உயிரோடு இருந்தார்.